கேட்காமல் கேட்க வைப்பது

மே மாத ஞாயிறு ஒன்றின் பிற்பகல். ஏற்காடு ஏரிக்கரையில் படகுச் சவாரிக்கு வரிசை வளைந்து நிற்கிறது. மக்காச்சோளம் சுடும் புகை, மிளகாய் பஜ்ஜி வாணலியின் எண்ணெய் வாடை, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்த குமட்டல் தீராமல் முகம் வெளுத்த குழந்தைகள். வரிசையில் நிற்கும் ஒருவர் தோள்பையைத் திறந்து பறையை வெளியே எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு அடி. பஜ்ஜிக் கடைப் பக்கமிருந்து இன்னொரு பறை பதில் சொல்கிறது. பிறகு சலங்கை, நாட்டுப்புறப் பாட்டு ஒன்று. மொத்தம் எட்டுப் பத்துப் பேர். வாரம் முழுக்கக் கணினி முன்னாலும் வகுப்பறையிலும் இருந்துவிட்டு விடுமுறையில் கலை பயில்கிறவர்கள். பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு கூட்டத்தோடு கலந்துவிடுகிறார்கள். இருட்டுவதற்குள் காணொளி ஊர் சுற்றத் தொடங்கிவிடும்.

சந்தோஷமான காரியம்தானே, இதில் அறம் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். கைதட்டியவர்கள் நிறைய, முகம் சுளித்தவர் ஒருவரோ இருவரோ. ஆனால் கைதட்டல் வந்தது பாட்டுக்குப் பிறகு. பாட்டுக்கு முன்னால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தமிழில் காது கேட்பதற்கும் வாய் கேட்பதற்கும் ஒரே வினைதான். திடீர் நிகழ்ச்சி அந்த ஒரே வினையை இரண்டாகப் பிளக்கிறது: கேட்காமலேயே கேட்க வைக்கிறது. அப்படிச் செய்யலாமா?

செய்யலாம் என்பவர்களின் முதல் பதில் கைவசம் இருக்கிறது. நம் தெருக்கள் என்றைக்கு அமைதியாக இருந்தன? ஆடி மாதத்துக் குழாய் ஒலிபெருக்கி யாரைக் கேட்டது? கட்சிப் பிரச்சார வாகனம் யார் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் பேசியது? மலைப்பாதை வளைவுகளில் சுற்றுலா வேன்கள் அடிக்கும் ஒலிப்பானைவிடவா எட்டுப் பேரின் பாட்டு கொடுமை? கேள்வி நியாயமானது. ஆனால் அது பதில் அல்ல. அடுத்தவன் குப்பை போட்ட இடத்தில் நாம் பூவைப் போட்டாலும், கூட்டுகிறவளுக்கு வேலை கூடத்தான் செய்கிறது.

சட்டத்தைக் கேட்டால் பாதி வழிதான் கூட வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி கேட்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கட்டுப்பாடுகளை இறுக்குகின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாகக் காக்கச் சொல்கின்றன. 2005-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பேசும் உரிமை உங்களுடையது என்றால் கேட்க மறுக்கும் உரிமை அடுத்தவருடையது; விருப்பமில்லாத காதுக்குள் கருவி வைத்துச் சத்தத்தைத் திணிக்க யாருக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் பகல் மூன்று மணிக்கு, மின்சாரமே இல்லாமல், வெறும் குச்சிகளால் அடிக்கும் ஒரு தோல் கருவியைப் பற்றி இவற்றிலிருந்து பெரிதாக எதுவும் தேறாது. அந்த இடத்தை மனசாட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பதிலை அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது. பறை எங்கே ஒலிக்கலாம், எங்கே கூடாது, யார் சாவுக்கு எப்போது வந்து அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் அதை அடித்தவர்கள் முடிவு செய்ததில்லை. ஊர் முடிவு செய்தது. இனி அடிக்க மாட்டோம் என்று சேரிகள் நிமிர்ந்தபோது அதற்கான விலையையும் அவர்களே கொடுத்தார்கள். அதன் பிறகுதான் புத்தர் கலைக்குழு, நிமிர்வு கலையகம் போன்றவை அந்தக் கருவியை இழவு வீட்டு வாசலிலிருந்து மேடைக்கும் பயிற்சிக் கூடத்துக்கும் கொண்டுவந்தன. இவ்வளவையும் கடந்து வந்த ஒரு கருவி, பொது இடத்தில் ஒலிக்க இன்னும் ஒவ்வொருவரிடமும் கைகட்டி உத்தரவு வாங்க வேண்டுமா? வேண்டாம் என்றே சொல்லத் தோன்றுகிறது. கேட்காமல் ஒலிப்பதுதான் அங்கே நியாயம்.

ஆனால் அந்த நியாயம் யாருடையது என்பதில்தான் இடறல். அடவைக் கற்றுக்கொள்ளலாம், அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் பிடிக்கும் பக்குவம் ஆறு மாதத்தில் கைக்கு வரும். தலைமுறைகள் பட்ட அவமானத்துக்கான கணக்கைத் தீர்க்கும் உரிமை பயிற்சி வகுப்பில் வராது. அது கைவசம் உள்ளவரும்கூட யாரிடம் அதைத் தீர்க்கிறார் என்று பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் சோளம் சுடுகிறவளிடமா?

அவளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவருக்குப் பிடிக்காவிட்டால் பத்து அடி நகர்ந்துகொள்ளலாம். படகு வரிசையில் நிற்பவரும் நகரலாம், ஆனால் இடம் போய்விடும். சோளக்காரியால் நகரவே முடியாது. அடுப்பு அங்கே, கரி அங்கே, கூடை அங்கே. கோடைக் கூட்டத்தின் ஞாயிறுகள் ஆண்டுக்குச் சில. அதில் ஒரு பத்து நிமிடம் அவள் வண்டிக்கு முன்னால் வட்டம் கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது கூட்டம். கூட்டம் கூடினால் வியாபாரமும் கூடாதா என்று கேட்கலாம். கூடலாம். கூடாமலும் போகலாம். அந்தச் சூதாட்டத்தை அவள் பணத்தில் ஆட அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

2007 ஜனவரியில் வாஷிங்டன் மெட்ரோ நிலையம் ஒன்றில் ஜோஷுவா பெல் என்ற புகழ்பெற்ற வயலின் கலைஞர் சாதாரண உடையில் நின்று 43 நிமிடம் வாசித்தார். கடந்து போன 1,097 பேரில் நின்று கேட்டவர்கள் ஏழு பேர். மனிதர்களின் ரசனை வறண்டுவிட்டது என்பதற்கு உதாரணமாகவே இதை ஊரெல்லாம் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: அந்த ஆயிரத்துச் சொச்சம் பேராலும் கடந்து போக முடிந்தது. வேலைக்குப் போகிறவனை வேலைக்குப் போகவிட்ட இசை அது. அந்த வகையில் அது மரியாதையான இசை. அதே வயலினைக் கொண்டை ஊசி வளைவில் திணறும் பேருந்துக்குள் வாசித்திருந்தால் கதையே வேறு. அங்கே இறங்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. பிடித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை. சத்தம் பொறுக்காத ஆட்டிசக் குழந்தை ஒன்று அந்த இருக்கைகளில் இருந்தால் இன்னும் மோசம். எத்தனை நல்ல இசை என்பதைவிட, எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம், 1959, பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு வாங்குவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. டெல்லிக்கும் நீட்டப்பட்ட அந்தச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. அங்கே தண்டனை போனாலும் பார்வை போகவில்லை. மின்சார ரயிலில் தோளில் கை வைத்து ஒருவர் பின் ஒருவராகப் பாடி வரும் பார்வையற்ற தம்பதியைக் கண்டால் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் அதே பயணி, சம்பளக்காரர்கள் எழுந்து பாடினால் கைப்பேசியை உயர்த்துகிறார். விடியற்காலையில் குடுகுடுப்பைக்காரர் வாசலுக்கு வருவதும் முன்னறிவிப்பில்லாத நிகழ்ச்சிதான். அவருக்குக் கைதட்டல் இல்லை, நாய் குரைப்புத்தான்.

அதனால் விடுமுறைக் கலைஞர்கள் இலவசமாக வாசிப்பது எப்போதும் தாராளம் ஆகிவிடாது. கூலிக்கு ஆடுகிறவரின் காதுக்கெட்டும் தூரத்தில் அது அவர் கஞ்சியில் விழும் கல். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமத்தில் குறைகள் சொல்லலாம். ஆனாலும் பூங்காக்களிலும் கடற்கரையிலும் தெருவிலும் கிராமியக் கலைஞர்கள் ஆடியபோது அது அவர்கள் தொழிலாகவே இருந்தது. ஊருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. திடீர் என்ற கவர்ச்சி அதில் குறைவு. சம்பளம் உண்டு.

மலை என்பதால் வேறொரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு ஏற்காடு ஒரு காட்சி. சேர்வராயன் மலையில் காலங்காலமாக வாழும் மலையாளி மக்களுக்கு (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைக்குடிகள்) அது ஊரும் கோயிலும். சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் சந்நிதியின் திருவிழாவும் அதே மே மாதத்தில்தான். திருவிழாவில் சாமிக்கு அடிக்கும் அடியை ஒரு தரம் கேட்டுக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, மறுநாள் ஏரிக்கரையில் அடித்துக் காட்டுவது சாத்தியம். அங்கே அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் கேட்கும் கூட்டத்தில் இல்லை. மலைமேல் இருக்கிறார்கள்.

மலை ஏறும் கலைஞர்களுக்கு நடத்தை சொன்ன பழைய பாட்டு ஒன்று நம்மிடம் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி. வாத்தியங்களைப் பைகளில் கட்டிச் சுமந்து நன்னனின் நவிரமலைக்குப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறது. குறவர் குடியிருப்புக்குப் போனால் இன்னாருடைய கலைஞர்கள் என்று சொல்லிவிட்டுச் சொந்த வீடு போல நுழையுங்கள், உறவினர் போலக் கேளாமலே கலந்துகொள்ளுங்கள் என்கிறது ஓரிடத்தில். இன்னோரிடத்தில், தெய்வம் இருக்கும் இடத்தைக் கண்டால் தொழுதுவிட்டுப் போங்கள், சும்மா வாத்தியத்தைத் தொடாதீர்கள், மழை வந்துவிடும் என்கிறது. நுழைய அனுமதி வேண்டாம், இசைக்க இடம் பார்க்க வேண்டும். ‘நாங்கள் இன்னார்’ என்று முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் அது விடவில்லை.

அந்த மழையைப் பயமுறுத்தல் என்று தள்ள வேண்டியதில்லை. தோல் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஈரம் என்றால் என்னவென்று தெரியும். ஏற்காட்டில் மே மாதப் பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பறையின் தோல் தொய்ந்து, அடி மொத்தென்று விழும். நெருப்பில் காய்ச்சித்தான் நாதத்தை மீட்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் இப்போது பலர் பிளாஸ்டிக் முகம் போட்ட பறைக்கு மாறிவிட்டார்கள். அதைப் பையிலிருந்து எடுத்த மாத்திரத்தில் அடிக்கலாம். தோல் பறை வைத்திருப்பவருக்கு அந்தத் திடீர் வசதி இல்லை. அவரால் கூட்டத்தில் ஒளிந்து நிற்க முடியாது. நெருப்பு தேடியாக வேண்டும். ஏரிக்கரையில் கரி நெருப்பு இருப்பது ஒரே இடத்தில்.

“அக்கா, இந்தத் தோலைக் கொஞ்சம் காய்ச்சிக்கட்டுங்களா?”

“எதுக்கு? இங்கியே அடிக்கப் போறீங்களா?”

“ஆமாங்க்கா. பத்து நிமிஷம்.”

“அப்ப அந்த மரத்தாண்ட போய் அடிங்க. வண்டிய மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க.”