யார் வீட்டு அச்சு முறுக்கு?

தொலைந்துபோன குடும்பப் பலகாரம் ஒன்றின் பக்குவம் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பக் கிடைத்தால், அது யாருடையது? இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இதுதான் வாக்குவாதம்.

பாட்டி, ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அவர் போன பிறகு பித்தளை அச்சு மட்டும் மிஞ்சியது. அச்சு முறுக்குக்கு அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எது எவ்வளவு என்பதில்தான் விஷயமே. மாவு நீர்த்தால் அச்சில் பிடிக்காது. கெட்டியானால் அச்சை விட்டுக் கழலாது. அந்த அளவு, தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில் ஒரு மலாய் மக்சிக்கிடம் இருந்தது. பாட்டியிடம் கற்றதை, அதே பால் டின் கணக்கில், 30 வருடங்களுக்கு மேலாக ஹரிராயாவுக்குச் செய்துவருகிறார்.

இப்போது சின்னம்மா அதை டப்பாவில் போட்டு விற்கிறார். லேபிளில் 'எங்கள் பாட்டியின் ரகசியப் பக்குவம்'. "மக்சிக் பேரையும் போடலாமே" என்றேன். "அவங்க நம்மகிட்ட கத்துக்கிட்டதுதானே, நம்மளதுதான்லா" என்றார்.

சரி, 'நம்மளது' எதுவரை? மலாய்க்காரர்களுக்கு அது குவே ரோஸ். கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் கொக்கிஸ், அந்தப் பெயர் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், ஆங்கிலத்தின் 'குக்கி'யும் அதே சொல்லின் பிள்ளைதான். நார்வேயிலும் சூடான அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். முதலில் யார் செய்தது என்று பார்த்தால், பாட்டியும் அந்த வரிசையில் எங்கேயோ நடுவில்தான் நிற்பார்.

எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: இத்தனை நாள் அதை யார் செய்துகொண்டிருந்தது? கைப்பக்குவம் பீரோவில் பூட்டிவைத்த நகை மாதிரி இல்லை. செய்யாமல் விட்டால் அது இல்லாமலே போய்விடும். மக்சிக் நம் சொத்துக்குக் காவல் இருக்கவில்லை. தன் வீட்டுப் பலகாரமாக, தன் பிள்ளைகளுக்காக, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது. பாட்டி அதை ரகசியமாக வைத்திருந்தால் இன்று நம்மிடம் வெறும் அச்சுதான் இருந்திருக்கும். லேபிளில் பெரிய பொய் அந்த 'ரகசிய' என்ற சொல்தான்.

"அவங்க ஒண்ணும் கேக்கலையே" என்கிறார் சின்னம்மா. உண்மைதான். கேட்காதவருக்கும் நாம் கடன்பட்டிருக்கலாம். பெயரைப் போடுவதென்றால் முதலில் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். விற்பதற்கு முன்னாலும் கேட்டிருக்க வேண்டும்.