மறைப்பணிப் பயணத்தில் ஊர் பார்க்கும் நாள்

வெளிநாட்டுப் பங்கு ஒன்றிலிருந்து ஒரு குழு மறைப்பணிப் பயணமாகத் திருச்சிப் பக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுதிப் பிள்ளைகளோடு விளையாட்டு, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிப்பு, வீடு வீடாகச் சென்று செபம் என்று நாள்கள் நிரம்பியிருக்கும். இடையில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி: காலையில் ஆவூர் கோயிலில் திருப்பலி, பிறகு சித்தன்னவாசல், வெயில் தணிந்ததும் விராலிமலையில் மயில் பார்ப்பது. ஊர் திரும்பிப் பங்கு மக்களுக்குப் படம் காட்டும்போது அந்த ஒரு நாளை வேகமாகத் தள்ளிவிடுவார்கள். காணிக்கைப் பணத்தில் வந்துவிட்டுச் சுற்றிப்பார்க்கலாமா என்ற உறுத்தல் அது.

உறுத்தல் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஊர் பார்க்கும் நாளில் வந்தவர் வெறும் விருந்தாளி. பாறையில் ஏறுகிறார், வழி கேட்கிறார், தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்கிறார். திருப்பலியிலும் அப்படியே: மொழி புரியாமல் கடைசி வரிசையில் நின்று, உள்ளூர் மக்கள் எழும்போது எழுந்து, அவர்களோடு வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார். அன்று அவர் பெறுகிறவர். மற்ற நாள்களில்தான் கொடுக்கிறவராகத் தம்மை எண்ணிக்கொள்கிறார். கேட்க வேண்டிய கேள்வி அந்த நாள்களைப் பற்றியது.

ஊர் பார்ப்பதும் பணிதான் என்பதற்கு ஆவூரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு சேசு சபைத் துறவி வெனான்சியுஸ் பூஷே 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே கோயில் எழுப்பினார். இப்போதுள்ள கோயில் 1747இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவரும் இங்கே பணி செய்திருக்கிறார். பூஷே தம் நாட்டுக்கு எழுதிய கடிதங்கள் பாரிஸில் அச்சாகின. அவற்றில் ஒன்று, இங்கே ஊரார் வழக்குத் தீர்க்கும் முறையைப் பற்றியது: சட்டப் புத்தகம் ஏதுமின்றி வழக்காறுகளையும் பழமொழிகளையும் கொண்டு நியாயம் சொல்வதை அவர் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். தமிழ் கற்று, இந்த மண்ணின் துறவிக் கோலம் பூண்டு, ஆண்டுக்கணக்கில் தங்கியவருக்கு ஊர் பார்ப்பது பணிக்கு இடையூறாக இருக்கவில்லை. பார்ப்பதே பணியின் பாதி.

தங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அன்றைய துறவிகள் ஊரை நன்றாகவே அறிந்திருந்தார்கள். அறிந்ததனாலேயே அதன் சாதி ஒழுங்கோடு சமரசம் செய்துகொண்டார்கள். 1704இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் மிஷனின் வழக்கங்களைக் கண்டித்துப் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணையில், பறையர் வீடுகளுக்குள் சென்று சாகக் கிடப்போருக்கு அருட்சாதனம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த வழக்கங்களுக்காக வாதாட ரோமுக்குப் போனவர்களில் பூஷேயும் ஒருவர். 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொல்லும்வரை சர்ச்சை நீடித்தது. இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சாகும் மனிதனின் வாசற்படி தாண்டலாமா கூடாதா என்பது வாதாடத்தக்க கேள்வியாக இருந்ததே பெரும் தவறு. நீண்ட பழக்கம் கண்ணைத் திறக்கும். சில வேளை கூசாமல் இருக்கவும் பழக்கிவிடும். பத்து நாள் வருபவருக்கு அந்த ஆபத்து இல்லை. அவருடைய ஆபத்து வேறு.

1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸை அழித்தபின் வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் அங்கே போய் வீடு கட்டின. சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் பின்னர் அந்த ஊர்களை ஆராய்ந்தார். பயணச் செலவும் சேர்த்து, வந்தவர்கள் கட்டிய ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு கட்டியதற்குச் சுமார் 2,000 டாலர். போய்வந்தவர்களின் வாழ்வையாவது அது மாற்றியதே என்று சமாதானம் சொல்லலாம். நிலைத்த மாற்றமும் குறைவு என்றே அவர் கண்டார். கொத்தனார் நிறைந்த ஊரில், சாந்துக்கரண்டி பிடிக்கத் தெரியாத ஒருவர் விமானமேறி வந்து சுவர் எழுப்புவது யாருக்குச் செய்யும் உதவி?

பெறுகிறவர், கொடுக்கிறவர் என்ற இதே வேறுபாட்டைத்தான் சட்டமும் தொடுகிறது. இந்தியாவில் மறைப்பணியாளருக்கெனத் தனி விசா உண்டு. சுற்றுலா விசாவில் வருபவர் வழிபாட்டுத் தலத்துக்குப் போகலாம், வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். போதிக்கவோ சமயத் துண்டறிக்கை கொடுக்கவோ கூடாது. விசாத் தாளில் சுற்றுலா என்று எழுதிவிட்டு, தாய்ப் பங்கில் மறைப்பணி என்று காணிக்கை திரட்டுவது இரண்டு பக்கமும் முழு உண்மை சொல்லாத செயல். அதன் விளைவைச் சுமப்பவர் விமானமேறிப் போகிறவரல்லர், பின்னர் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிய பங்குத்தந்தையும் உபதேசியாரும்தான். சுற்றிப்பார்க்கத்தான் வந்தோம், சேர்ந்து செபிக்க வந்தோம் என்று வெளிப்படையாகச் சொல்லி வருகிறவரிடம் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

வெள்ளாளன்விளையில் பிறந்த குருவானவர் அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேலை நாட்டாரைப் பார்த்து நட்பைத்தான் கேட்டார். அவர்கள் செய்த தியாகத்தை மறுக்காமலே கேட்டார் என்பது முக்கியம். அந்தக் கோரிக்கைக்கு இன்றைய பயணத்தில் எந்த நாள் பதிலாகும்? உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டி ஆவூரில் பாஸ்கா நாடகமும் தேரும் நடக்கும். அப்போது வரும் அயலவர் ஒருவர் மண்தரையில் சனத்தோடு உட்கார்ந்து இரவு முழுக்கப் பார்த்தாரென்றால், அவரை ஊர் மறக்காது. அதே மனிதர் விடுதிப் பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து, அதைக் காட்டித் தம் ஊரில் பணம் திரட்டினால், அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே அதன் வறுமை விற்கப்படுகிறது. சுற்றுலாப் பயணி எடுக்கும் கோபுரப் படத்தில் இந்தக் களவு இல்லை.

அயலாரை மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நேர்மையாகாது. தமிழ்நாட்டுச் சபைகளிலிருந்தும் ஒடிசாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் பணித்தளம் பார்க்கக் குழுக்கள் போகின்றன. தங்க இடமும் சோறும் தருவது அங்குள்ள பழங்குடிக் குடும்பம். மேடையில் நின்று பேசுவது போனவர்கள். அந்தக் குடும்பங்களின் மலையையும் சந்தையையும் அறுவடைப் பாட்டையும் பார்க்க ஒரு முழு நாள் ஒதுக்கி, அன்று மைக்கை அந்த ஊர்க்காரரிடமே கொடுத்துவிட்டு வரலாம்.