யார் கை வைப்பது?

சென்ற தை மாதம் ஒரு ஞாயிறு இரவு, கிழக்கு லண்டனில் நாங்கள் ஐந்துபேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. வேலை முடிந்து ஒரு மணிக்கு வந்தவர் கைபிடியை அமத்த, தண்ணீர் கீழே போகாமல் விளிம்புவரை ஏறி நின்றது. இதையெல்லாம் ஒரு சஞ்சிகையில் எழுதுவதா என்று முகம் சுழிப்பவர்கள் இருப்பார்கள். அந்த முகச்சுழிப்பைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் எம்மவர். "திங்கள், செவ்வாயிலை பாப்பம்" என்று போனை வைத்துவிட்டார். இரவில் வரக்கூடிய பிளம்பர் 180 பவுண் கேட்டார். நாங்களே செய்வது என்று முடிவாயிற்று. 'நாங்களே' என்ற சொல்லுக்குள் இருந்த சூது அப்போது விளங்கவில்லை. அந்தச் சொல் வாயால் வந்த கையோடு, நாலுபேருடைய கண்களும் ஒருவன் பக்கம் திரும்பின. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்குள் இளையவன் அவன். இளையவன் என்பதால்தான் பார்த்தோம் என்று பிறகு எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது பொய். அவனுடைய பேரனார் யாழ்ப்பாண நகரத்தில் என்ன வேலை செய்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமலே சொன்னான்: "அண்ணை, பிளம்பருக்கெண்டால் என்ரை பங்குக் காசைத் தாறன். நான் கை வைக்கமாட்டன்."

வாளிக் கக்கூசை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. அம்மம்மாமார் சொல்லக் கேட்டதுதான்: பின்பக்கத்து ஒழுங்கையில் சின்னக் கதவு, விடியுமுன் வந்து வாளியை எடுத்துப்போகும் ஒருவர், அவருடைய பெயரை வீட்டில் ஒருவரும் அறிந்திராதது. ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து அந்த வேலைக்கென்றே கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வாளி போய் குழிக் கக்கூஸ் வந்தது, பிறகு தண்ணீர் ஊற்றுவது வந்தது. ஆனால் அந்தக் குடும்பங்களைப் பார்த்த பார்வை போகவில்லை. அது ஹீத்றோவில் எங்களோடு இறங்கி, எங்களோடேயே குடியிருக்கிறது.

இத்தனைக்கும் நாங்கள் நால்வரும் கக்கூஸ் கழுவத் தெரியாதவர்கள் அல்ல. றெஸ்ரோறன்றில் கடை பூட்டியபின் வாடிக்கையாளரின் கக்கூசைக் கழுவித் துடைப்பது எங்கள் வேலைதான். வெள்ளிக்கிழமை இரவு குடித்தவர்கள் விட்டுப்போவதை விபரிக்கத் தேவையில்லை. அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிறோம், ஊருக்கு எடுத்தால் "கிச்சினிலை நிக்கிறன்" என்கிறோம். அப்படியானால் சொந்த வீட்டில், சொந்தக் கழிவில் கை வைக்க ஏன் ஆள் தேடினோம்? யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. அங்கே எங்களுக்கும் அந்த வேலைக்கும் நடுவில் சம்பளம் நிற்கிறது. உடுப்பை மாற்றினால் வேலையும் கழன்றுவிடும். வீட்டில் அப்படியில்லை. தன் வீட்டில் எவன் அதைத் தொடுகிறானோ அவன் அதற்கானவன் ஆகிவிடுவான் என்ற பயம் அடிமனதில் கிடக்கிறது. அருவருப்பு என்று நாங்கள் சொன்னது பெரும்பாலும் அந்தப் பயந்தான்.

அன்றிரவு அந்த அடைப்பை விட்டுவிட்டு வாக்குவாதப்பட்டோம். சட்டம் பாதி படித்துவிட்டு வந்த ஒருவர் கேட்டார்: அவனும் அதே கக்கூசுக்குத்தானே போகிறான்? ஐந்துபேரும் சமமென்றால் சீட்டுப் போடவேண்டும். பிறப்பைக் காரணம் காட்டி அவனுக்கு விலக்குக் கொடுத்தால், திரும்பவும் பிறப்பைத்தானே கணக்கெடுக்கிறோம்?

லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. காந்தி 1901இல் கல்கத்தா காங்கிரசுக்குப் போனபோது அங்கிருந்த மலக்கூடங்களின் நாற்றத்தைக் கண்டு, தானே விளக்குமாறு எடுத்துத் துப்புரவாக்கினார். ஒவ்வொருவரும் தத்தமது தோட்டியாக வேண்டும் என்பது அவர் கடைசிவரை பிடித்த வழி. ஆனால் அதே காந்தி தோட்டி வேலையை உயர்ந்த சேவை என்று புகழ்ந்தபோது அம்பேத்கர் வெகுண்டார். அந்த வேலையிலிருந்து தப்ப வழியில்லாதவனிடம் அதன் மேன்மையைச் சொல்வது கொடுமை என்று 1945இல் எழுதினார். பெஸ்வாடா வில்சனின் வழியும் இதுதான். கோலார் தங்கவயலில் தன் குடும்பமே உலர் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்ததைக் கண்டு வளர்ந்த அவர், மலக்கூடையைக் கீழே போடு என்று சொல்லியே சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் இயக்கத்தை வளர்த்தார். (2016இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. அதே வருடம் சங்கீதத்துக்காக ரி. எம். கிருஷ்ணாவுக்கும் கிடைத்தது. எங்கள் ஆட்கள் பேஸ்புக்கில் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.) ஆக, ஒரே விளக்குமாற்றை ஒருவரிடம் எடு என்றும் மற்றவரிடம் போடு என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. எங்களுடைய மறுப்பும் அவனுடைய மறுப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். நாங்கள் மறுத்தபோது அந்த வேலை இன்னொருவன் தலையில் விழக் காத்திருந்தது. அவன் மறுத்தபோது, தன் பங்கைத் தானே கொடுக்கிறேன் என்று காசை எடுத்து வைத்தான்.

குழாய் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களும் உண்டு. லண்டனைக் காட்டி அப்படிச் சொல்வது சுகம். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, பாராளுமன்றத்துத் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைட்டில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். நாற்றம் மூக்கில் ஏறியதும் சில கிழமைக்குள் சட்டம் நிறைவேறியது. ஜோசப் பசல்கெற் 82 மைல் நீளப் பெரும் கழிவுக் கால்வாய்களைக் கட்டினார். எங்கள் ஐந்துபேருடையதும் இன்று அந்த வழியேதான் கிழக்கே போகிறது. ஆனால் இந்தியாவிலும் குழாய் வந்ததே? வந்தபிறகு அதே மனிதரைக் குழாய்க்குள் இறக்கினார்கள். 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. குழிக்குள் மூச்சடைத்துச் செத்தவரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபா என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அதை முப்பது இலட்சமாக்கியது. தொகையை உயர்த்தவேண்டி வந்ததென்றால் சாவு நிற்கவில்லை என்றுதானே பொருள். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' என்ற படத்தை 2017இல் இதே வீட்டில், இதே மேசையில் வைத்துப் பார்த்தோம். அன்று எல்லோரும் கலங்கினோம்.

விடியப்புறம் மூன்று மணிக்கு நாங்கள் நால்வரும் தொடங்கினோம். றப்பர்க் கிண்ணத்தால் அமத்தி இழுத்தோம்; அசையவில்லை. கோப்பை கழுவும் திரவமும் சுடுதண்ணீரும் ஊற்றினோம் (கொதிநீர் கூடாது, பீங்கான் வெடித்துவிடும்). கோஸ்ரிக் சோடா போடவில்லை. பிறகு கை வைப்பவரின் தோலை அது எரித்துவிடும். விடிந்ததும் பின்வளவில் இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்தோம். குழி நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கு அப்பால் வீதிப்பக்கம் என்று அர்த்தம். எல்லைக்கு வெளியே உள்ள குழாய்களும், அயல்வீட்டோடு பொதுவானவையும் 2011 ஒக்ரோபரிலிருந்து தண்ணீர்க் கொம்பனிகளின் பொறுப்பு. குழி காய்ந்து கிடந்தது. அடைப்பு எங்களுடையது.

பக்கத்துக் குசராத்திக் கிழவர் பிரம்புபோல் வளையும் தடிகளை இரவல் தந்தார். ஒன்றோடொன்று திருகிப் பூட்டி உள்ளே விடவேண்டும். வலப்பக்கமாகவே சுழற்றவேண்டும், இடப்பக்கம் திருப்பினால் பூட்டுக் கழன்று தடி குழாய்க்குள் தங்கிவிடும் என்று மூன்றுதரம் சொல்லிவிட்டுப் போனார். அரை மணித்தியாலம் முழங்காலில் நின்று, தோள்வரை குழிக்குள் கையை விட்டுத் தள்ளினோம். சட்டென்று இளகியது. விலகி நிற்கவேண்டும் என்று தெரியாமல் இரண்டுபேர் நனைந்தோம்.

வந்து விழுந்தது ஒரு கட்டி. ஈரத்தாள்கள், சோறு, உறைந்த எண்ணெய். கடதாசியால் துடைப்பதில் எங்களுக்குத் திருப்தியில்லை. லண்டனில் எம்மவர் கக்கூஸ்களில் வெறும் பால்போத்தல் ஒன்று தண்ணீரோடு நிற்கும். மாரிகாலக் குளிருக்கு அதுவும் கைவிடப்பட்டு ஈரத்தாள் வந்திருந்தது. றெஸ்ரோறன்றிலிருந்து கொண்டுவந்து மிஞ்சும் குழம்பை, சிங்க் அடைக்குமென்று கொமட்டில் ஊற்றியவர்களும் நாங்களே. 2017இல் வைற்சப்பல் வீதிக்கடியில் 250 மீற்றர் நீளத்தில் 130 தொன் கொழுப்புக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டதும் இதே கலவைதான். தொழிலாளர்கள் அதை அழுத்த நீராலும் சவளாலும் வெட்டி எடுத்தார்கள். எங்களைப்போல எத்தனை கிச்சின்களின் எண்ணெய் அதில் இருந்திருக்கும்! அவர்களுக்குக் கவச உடுப்பு உண்டு, வாயுமானி உண்டு, சங்கம் உண்டு. முக்கியமாக, அவர்களுடைய பிள்ளையும் அதே குழிக்குள் இறங்கவேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை.

குளித்துவிட்டு வந்தபோது அவன் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தான். "மணக்குதோ?" என்று கேட்டோம். "மணக்குது" என்றான், சிரிக்காமல்.

அடுத்த கிழமை குளிர்பெட்டியில் ஒட்டுவதற்கு வீட்டுவேலை அட்டவணை ஒன்று தயாரித்தோம். கக்கூஸ் நிரலில் அவனுடைய பெயரை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் பேனையை வைத்துக்கொண்டு நின்றோம். சட்டம் படித்தவர் எழுதத்தான் வேண்டும் என்றார். அவன் பேனையை வாங்கி, சமையல் நிரலில் தன் பெயரை இரண்டு நாளுக்கு எழுதினான், குப்பை நிரலில் இரண்டு நாளுக்கு எழுதினான், பேனையைத் திருப்பித் தந்தான்.

கக்கூஸ் நிரலில் இப்போது நாலு பெயர் இருக்கிறது. சட்டம் படித்தவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.