கேட்டல் வேறு, தெளிதல் வேறு

விலை உயர்ந்த ஹெட்ஃபோன் ஒன்றை முதன்முதலாகக் காதில் பொருத்தி, பல ஆண்டுகள் பழகிய ஒரு சிம்பொனியைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறார்கள்: இதுவரை கேட்காதது கேட்டது. இரண்டாம் வயலின்களின் வில் நரம்பில் உராய்வது, ஓபோ வாசிப்பவர் மூச்சை இழுப்பது, தாள் புரளும் ஓசை, பியானோ கலைஞர் கிளென் கூல்டின் பாஹ் பதிவுகளில் பியானோவுடன் சேர்ந்து ஓடும் அவருடைய முனகல். அந்தப் பரவசத்திலேயே ஒரு முடிவும் பிறந்துவிடுகிறது: இசையின் உண்மை இன்றுதான் கிடைத்தது, அதைக் கொடுத்தது இந்தக் கருவி. அனுபவத்துக்கும் முடிவுக்கும் இடையே நிகழும் இந்தத் தாவலை ஆராய வேண்டியிருக்கிறது. முதல் கேட்பு எதற்குச் சாட்சி? கருவிக்கா, இசைக்கா, கேட்பவரின் மனத்துக்கா? முதல் கேட்பு அறிவின் மெய்யான தொடக்கம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதையே அறிவின் முடிவாகக் கொள்வது பிழை என்பதும், அந்தப் பிழை இசையிலிருந்தே நம்மை விலக்கிவிடும் என்பதும் என் வாதம்.

புலன் வழியே வரும் அறிவை எப்போது நம்பலாம் என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபுகள் மிகக் கூர்மையாக விசாரித்திருக்கின்றன. பெயர், இனம் முதலிய கற்பனைகள் கலவாத அறிவே காட்சி, அதாவது புலனறிவு, என்றார் பௌத்த தருக்கவாதியான திங்நாகர். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலைப் பாடிய அருணந்தி சிவாசாரியார், ஐயமும் திரிவும் இல்லாததே குற்றமற்ற காட்சி என வரையறுத்து, பொருளை வெறுமனே உணரும் நிலையையும் அதற்குப் பெயரும் வகையும் சேர்த்து அறியும் நிலையையும் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவை நம் கேள்விக்குப் பொருத்திப் பார்க்கலாம். தாள் புரளும் ஓசை கேட்டது என்பது ஒன்று. இந்தக் கருவி இசையின் உண்மையைக் காட்டுகிறது என்பது வேறொன்று. முன்னது பதிவில் உண்மையாகவே இருக்கிறது. பழைய ஹெட்ஃபோனில் மீண்டும் கேட்டால் பெரும்பாலும் அங்கும் அது மெல்லக் கேட்கும், யாரும் சோதித்துக்கொள்ளலாம். பின்னது மனம் சேர்த்துக்கொண்ட தீர்ப்பு. கண நேரத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்வதால், தீர்ப்பையும் காதே கேட்டதாக நாம் நம்பிவிடுகிறோம்.

அந்தத் தீர்ப்பில் எவையெல்லாம் கலக்கின்றன என்பதற்கு ஆய்வுகள் சான்று தருகின்றன. 2008இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வொன்றில், ஒரே மதுவை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று நம்பியபோது சுவை கூடியதாகப் பங்கேற்றவர்கள் சொன்னதோடு, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியின் இயக்கமும் கூடியது. 2012இல் பாரிஸில் தேர்ந்த வயலின் கலைஞர்கள் 10 பேர், ஸ்ட்ராடிவாரியஸ் உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதிய வயலின்களையும் அடையாளம் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடி அணிந்து வாசித்துப் பார்த்தார்கள். எது பழையது, எது புதியது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. பெரும்பாலோர் விரும்பித் தேர்ந்தது புதிய வயலினையே. வாழ்நாளெல்லாம் வயலினைக் கன்னத்தில் சாய்த்தவர்களின் காதுக்கே பெயரின், புகழின் துணை இவ்வளவு தேவைப்படுகிறது என்றால், தோலும் உலோகமும் பளபளக்கும் பெட்டியைத் திறந்த மறுகணம் நம் காது தனித்து நின்று தீர்ப்புச் சொல்கிறது என்று எப்படி நம்புவது? விலையையும் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது: 2017இல் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை ஆராய்ந்த யெரூன் பிரேபார்ட், ஒலியின் சமநிலைக்கும் விலைக்கும் தொடர்பு காண முடியவில்லை என்று எழுதினார்.

கருவியால் உண்மையாகவே விளையும் வேறுபாட்டையும் முதல் கேட்பு தவறாகப் படிக்கக்கூடும். சென்ஹைசர் நிறுவனம் 2009இல் வெளியிட்ட எச்டி 800 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 56 மில்லிமீட்டர் வளைய வடிவ ஒலிப்பானும் பின்புறம் திறந்த அமைப்பும் கொண்ட இது, வாத்தியக் குழுவை அகன்ற வெளியில் பரப்பிக் காட்டுவதாகச் செவ்வியல் இசை கேட்போரிடம் பெரும் பெயர் பெற்றது. அந்தப் பெயர் தகுதியானதே. ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் அருகே அதன் ஒலி இயல்புக்கு மேல் உயர்ந்திருந்தது. வில்லின் உராய்வும் மூச்சின் சரசரப்பும் மேலெழுந்து நிற்கும் பகுதி அது. அடுத்து வந்த எச்டி 800 எஸ் வடிவத்தில் அந்த உயர்வை அடக்க ஓர் உறிஞ்சியை நிறுவனமே சேர்த்தது. முதல் நாளில் நுணுக்கம் என்று தோன்றியதில் ஒரு பங்கு, மிகையான அழுத்தம். ஒலியளவிலும் இதே மயக்கம் உண்டு: சற்றே உரக்க ஒலிக்கும் கருவியை, உரத்தது என்று உணராமல், மேலானது என்றே மனம் எடுத்துக்கொள்கிறது. வில்லின் உராய்வு துல்லியமாகக் கேட்டதும் பிராம்ஸின் இசையை இன்னும் ஆழமாகப் புரிந்துகொண்டோம் என்று எண்ணுவது, உரைநூலின் அச்சுத் தெளிவை அதன் பொருள் தெளிவாகக் கொள்வது போன்றது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கண்ணைக் கட்டிச் செய்யும் சோதனைகள் சில நிமிடத் துணுக்குகளைக் கொண்டு நடப்பவை. மாலரின் சிம்பொனி ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடியது. களைப்பின்றி மூழ்கிக் கேட்க முடிகிறதா என்பதை அத்தகைய சோதனை அளக்காது என்பார்கள். இந்த மறுப்பை முழுமையாக ஏற்கிறேன். நீண்ட கேட்பில் மட்டும் புலப்படும் குணங்கள் உண்டு. நல்ல கருவிகளின் பெருமை அங்கேதான் இருக்கிறது. ஆனால் இதே வாதம் முதல் கேட்பின் அதிகாரத்தையும் வேரோடு சாய்க்கிறது. சில நிமிடச் சோதனை போதாது என்றால், சில நிமிடப் பரவசமும் போதாது. அளவீட்டை மறுக்க நீண்ட காலத்தைத் துணைக்கு அழைப்பவர், தம் முதல் மகிழ்ச்சியையும் அந்தக் காலத்தின் முன் நிறுத்தத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. விலையாலோ புதுமையாலோ வந்தாலும் இன்பம் இன்பம்தானே, அதன் காரணத்தை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். இன்பம் பொய் என்று நானும் சொல்லவில்லை. காரணத்தைத் தவறாக அறிவதன் விளைவே என் கவலை. மணிமேகலையின் முப்பதாம் காதை விளக்கும் பௌத்தச் சார்புத் தோற்றத்தில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று ஒரு வரிசை வருகிறது. புலன் பொருளைத் தொடுகிறது, அதிலிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று. முதல் கேட்பின் பரவசத்தில் பெரும்பங்கு நம்முடைய கூர்ந்த கவனத்தால் விளைந்தது. புதிய கருவியை அணிந்தவர் அன்று ஒருநாளாவது வேறு வேலையின்றிக் கண்மூடிக் கேட்கிறார். அந்தக் கவனத்தின் பயனைக் கருவியின் கணக்கில் எழுதிவிட்டால், பழகிப்போய்க் கவனம் தளரும் நாளில் குறை கருவியினுடையது என்றே தோன்றும். உடனே அடுத்த கருவி தேவைப்படும். இசையைக் கேட்கக் கருவி என்ற நிலை மாறி, கருவியைக் கேட்க இசை என்றாகும். பலரிடம் மிகச் சிறந்த கருவிகள் சேர்ந்தும், சோதித்துப் பார்க்கும் அதே நான்கைந்து பதிவுகளைத் தாண்டி அவர்கள் நகராமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

அப்படியானால் கருவியையே துறந்துவிடலாமா? ருமேனியாவில் பிறந்து, 1979 முதல் 1996இல் இறக்கும்வரை மியூனிக் ஃபில்ஹார்மனிக் குழுவை நடத்திய செர்ஜியு செலிபிடாகே ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். ஜென் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்ட அவர், இசை அந்தக் கணத்தில், அந்த அரங்கில் மட்டுமே நிகழ்வது என்று கருதிப் பதிவுகளை வெளியிடப் பெரும்பாலும் மறுத்தார். அவர் வாதத்தில் உண்மை உண்டு. பெரும்பாலான பதிவுகள் இரண்டு ஒலிபெருக்கிகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. அறையில் ஒவ்வொரு காதும் இரண்டு பெருக்கிகளையும் கேட்கும், ஹெட்ஃபோனில் ஒவ்வொரு காதும் தன் பக்கத்தை மட்டுமே கேட்கும். அதனால் எந்த விலையிலும் ஹெட்ஃபோன் அரங்கத்தை அப்படியே கொண்டுவந்து தருவதில்லை. எனினும் அவர் மறைந்த பின் குடும்பத்தார் இசைவுடன் வெளியான கச்சேரிப் பதிவுகள் வழியாகத்தான், அவரை நேரில் கேட்கும் வாய்ப்பே இல்லாத தலைமுறைகள் பெரும்பாலும் அவர் நடத்திய புரூக்னர் சிம்பொனிகளை அறிந்தன. அரங்கத்துக்கு ஈடாகாது என்பதாலேயே ஒரு கருவி பயனற்றதாகிவிடாது. வழி என்ற அளவில் அதற்கு முழு மதிப்பு உண்டு.

சைவ சித்தாந்தம் ஞானத்துக்குக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் (தெளிந்ததில் ஒன்றி நிற்றல்) என நான்கு படிகள் சொல்கிறது. குருவின் சொல்லைக் குறித்துச் சொல்லப்பட்ட வரிசை இது என்றாலும், செவி வழியே வரும் எந்த அறிவுக்கும் இதில் பாடம் இருக்கிறது. கேட்டல் இல்லாமல் மற்றவை இல்லை. ஆகவே முதல் கேட்பின் மகிழ்ச்சிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கேட்டலிலிருந்து நேரே தெளிதலுக்குத் தாவுவதுதான் குற்றம். ஆகவே, வாங்கும் முன் நன்கறிந்த ஒரு முழுப் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கருவியையும் புதியதையும் ஒரே ஒலியளவில் வைத்து, இரண்டுக்கும் ஒரே கவனத்தைக் கொடுங்கள். சில வாரங்கள் கழித்து, கருவியின் நினைவே வராமல் அந்தப் படைப்பு மனத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தக் கருவி தன் விலைக்குத் தகுதியானது. நிற்காவிட்டால், அந்தப் பணத்தில் இன்னும் கேட்காத இசையைத் தேடுங்கள்.