சுவருக்குள் இருந்தது யார்?

ஸ்பெயினின் தொலேதோ நகரில், பழைய மதில் வாசலை ஒட்டி, பக்கத்துக்கு எட்டு மீட்டர் அளவில் ஒரு செங்கல் கட்டடம். உள்ளே நான்கு தூண்கள், மேலே ஒன்பது சின்னக் குவிமாடங்கள். ஒன்பதும் ஒன்பது விதம். கிறிஸ்தோ தெ லா லூஸ், அதாவது ஒளியின் கிறிஸ்து, என்று பெயர். சிற்றாலயமாவதற்கு முன் அது பள்ளிவாசல்.

ஆறாம் அல்போன்சோ 1085இல் நகரைப் பிடித்து உள்ளே வரும்போது, இந்த இடத்தில் குதிரை மண்டியிட்டதாம். சுவரை இடித்துப் பார்த்தால் ஒரு சிலுவை. அதன் முன்னால், முஸ்லிம்கள் ஆண்ட முந்நூற்றுச் சொச்சம் வருஷமும் அணையாத விளக்கு. குதிரை நின்ற இடம் என்று தெருவில் வெள்ளைக் கல்லே பதித்திருக்கிறார்கள்.

ஜெயித்தவனுக்கு இந்தக் கதை எதுக்கு? வாள் கையில் இருக்கு, கேட்க ஆளில்லை, எடுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே? ஆனால் 'எடுத்துக்கொண்டேன்' என்று சொல்லிவிட்டு அங்கேயே மண்டியிட்டு ஜெபிப்பது கஷ்டம் போலிருக்கிறது. 'எங்களுடையது எங்களிடமே வந்தது' என்றால் மனசு சமாதானமாகிவிடும். அடுத்தவன் பொருளை எடுப்பது தப்பு என்று தெரிந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு கதை தேவைப்படும்.

சரி, இந்தக் கதையில் காணாமல் போவது யார்? தோற்ற அரசன் இல்லை, அவனுக்கு வரலாற்றில் இடம் உண்டு. முகப்பில் செங்கல்லையே எழுத்தாக அடுக்கிய அரபு வாசகம் ஒன்று இருக்கிறது. அஹ்மத் இப்னு ஹதீதி என்பவர் சொந்தப் பணத்தில், சொர்க்கத்தில் கூலி வேண்டி, இந்தப் பள்ளியைக் கட்டுவித்தார்; கட்டியவர் மூசா இப்னு அலி; ஹிஜ்ரி 390. அதாவது கி.பி. 999 வாக்கில். அல்போன்சோ வந்தபோது அந்தச் சுவருக்கே வயசு 85 தான். முந்நூறு வருஷ விளக்கு அதற்குள் எப்படி எரிந்தது? கதையின்படி அஹ்மத் எதையும் கட்டவில்லை, ஒரு விளக்கை மறைத்தார், அவ்வளவுதான்.

அதற்கும் முன்னால் அங்கே தேவாலயம் இருந்ததே என்பார்கள். தூண்களின் தலைப்புகள் பழைய விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் 'யார் முதலில்' என்று தோண்டினால், கீழே ரோமானியர் சாலை வருகிறது.

நூறு வருஷம் கழித்து யோவான் சபையினர் சேர்த்துக் கட்டிய பீடப் பகுதியும் அதே செங்கல், அதே வளைவுகள். பார்க்க அழகு. இதைக் காட்டி 'நல்லிணக்கம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை. கொத்தனார் பழகிய கையோடு கட்டினார். தொழ வந்தவர்கள் எங்கே போனார்கள் என்பது வேறு கேள்வி.

அந்த அரபு வாசகம் பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தது. 1899இல்தான் மறுபடி வெளியே தெரிந்தது.