அத்திப்பட்டுச் சித்தப்பாவின் நம்பர்

2018 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் அடிபட்ட செயலியை இந்தியாவில் போட்டவர்கள் வெறும் 335 பேர். விவரம் வெளியே போயிருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர். மீதிப் பேர் எந்தச் செயலியையும் தொடவில்லை, எதற்கும் சம்மதம் கொடுக்கவில்லை. அதைப் போட்ட யாரோ ஒருவருக்கு, இங்கேயோ வெளிநாட்டிலோ, நண்பராக இருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

அந்தக் கணக்கின் அர்த்தம் எனக்குச் சரியாக உறைத்தது மலையூரான ஜமுனாமரத்தூரில், ஒரு செல்போன் கடை வாசலில். மலைக்கு உள்ளேயிருந்து வந்த இளைஞர் ஒருவர் புதுப் போன் வாங்கியிருந்தார். கடைப் பையன் பழைய போனிலிருந்து நம்பர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். திரையில் பெயர்கள் ஓடின: அத்திப்பட்டுச் சித்தப்பா, நம்மியம்பட்டு அத்தை, சாமை யாவாரி, போளூர் நர்சக்கா, ஹாஸ்டல் வார்டன், குடகு மேஸ்திரி, வட்டிக்காரர். பிறகு செயலிகள். ஒவ்வொன்றும் ஒரு கேள்வி கேட்டது. "அலோவ் குடுண்ணா, குடுத்துக்கினே போ" என்றான் பையன். அவரும் கொடுத்துக்கொண்டே போனார்.

அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதில் ஒரு குடும்பமே தெரியும். பிள்ளை விடுதியில் படிக்கிறது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, வேலைக்குக் குடகுக்குப் போகிறார்கள், கடன் இருக்கிறது. இளைஞர் கொடுத்தது தன் சம்மதத்தை. போனது சித்தப்பாவின் நம்பர்.

போனால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. 2021 ஏப்ரலில் சுமார் 53 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் இணையத்தில் இறைந்து கிடந்தன. அதில் இந்தியர்கள் மட்டும் 60 லட்சம் பேர். பெரும்பாலானவற்றில் தொலைபேசி எண்ணும் இருந்தது. பூட்டை உடைத்து எடுத்ததல்ல அது. நம் போனில் உள்ள நம்பர்களை ஏற்றினால் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று ஒரு வசதி வைத்திருந்தார்களே, அதிலேயே எண்களை அடுக்கடுக்காகப் போட்டு, எது யாருடையது என்று கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டார்கள். அயர்லாந்தின் தரவுக் காப்பு ஆணையம் அதற்காக 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

கடன் செயலிகளின் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. ஐயாயிரம் ரூபாய் வாங்கியவர் தவணை தவறினால், அவரை விட்டுவிட்டு அவர் போனில் இருந்த மாமனாருக்கும் முதலாளிக்கும் பழைய வாத்தியாருக்கும் பேசினார்கள். திருத்திய ஆபாசப் படங்களையும் அனுப்பினார்கள். தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் உயிர்கள் போன பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது: கடன் செயலி போனிலுள்ள தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது. வங்கிக்கும் முறையான நிதி நிறுவனத்துக்கும் அது பொருந்தும். திருட்டுச் செயலி எந்த விதியைப் படித்துவிட்டு வந்தது?

நமக்கு நம் படத்தைப் பற்றித்தான் கவலை. அது நியாயமான கவலை. 2019-ல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமைக்குப் பிறகு எந்த வீட்டிலும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. புரொஃபைல் படத்துக்குக் காவல் வைக்கும் வசதியை 2017-லும், பக்கத்தையே பூட்டும் வசதியை 2020-லும் ஃபேஸ்புக் இந்தியாவில் கொண்டுவந்தது. எல்லோரும் பூட்டிக்கொண்டோம். பூட்டிய கையோடு பக்கத்து வீட்டுச் சாவியைத் தெருவில் போட்டுவிட்டு வருகிறோம்.

மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் இதை நல்ல மனதோடு செய்கிறார்கள். பீமன் அருவி பார்த்துவிட்டுத் திரும்புகையில் ஓர் அக்காவிடம் தேன் வாங்குகிறார்கள். சுத்தமான தேன், ஏமாற்று இல்லை. ஊருக்குப் போனதும் அவர் படம், பெயர், நம்பர் எல்லாவற்றையும் போட்டு, "இவர்களை ஆதரிப்போம்" என்று பதிவு. நூறு பேர் பகிர்வார்கள். தேன் கேட்டுச் சிலர் கூப்பிடுவார்கள். தேன் கேட்காதவர்களும் கூப்பிடுவார்கள், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல். நம்பரை மாற்றலாம் என்றால் வங்கிக் கணக்கும் ஆதாரும் அதோடு கட்டிக் கிடக்கின்றன.

வாட்ஸ்அப் குழுக்களும் அப்படித்தான். ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஒவ்வொருவர் நம்பரும் மற்ற எல்லோருக்கும் தெரியும். மகளிர் குழுவுக்கு ஒரு கூட்ட அறிவிப்பு அனுப்ப அது எதற்கு? பிராட்காஸ்ட் பட்டியல் போதும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. நம் நம்பரை அவர்களும் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. நம்மைக் கேட்காமல் குழுவில் இழுத்துப்போடுவதைத் தடுக்கும் அமைப்பு 2019-லிருந்தே இருக்கிறது. இதையெல்லாம் கடைப் பையனே இரண்டு நிமிடத்தில் செய்து தருவான், கேட்டால்.

அதற்காக நம்பரை இறுக்கிப் பிடித்துக்கொள் என்று மலையில் யாரும் சொல்ல முடியாது. கடைசி பஸ் போய்விட்டால் ஜீப்காரர் நம்பர் நாலு கை மாறித்தான் வர வேண்டும். பிரசவ வலி என்றால் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மற்ற நேரங்களில் நான் இப்போது ஒன்று சொல்கிறேன்: "அவங்களைக் கேட்டுட்டுத் தரேன்." கேட்பவர் முகம் சுருங்கும். ஒரு டீச்சரின் நம்பருக்கு அப்படிச் சொன்னபோது, "நம்பர்தானே சார் கேட்டேன், நகையா கேட்டேன்?" என்றார் தெரிந்தவர் ஒருவர். டீச்சரைக் கேட்டேன். வேண்டாம் என்றார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஃபேஸ்புக்கில் ஏற்றிய நம்பர்களை அமைப்புகளுக்குள் போய் அழிக்கலாம், அழித்தேன். சித்தப்பா மாதிரி கணக்கே இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. யாரோ ஏற்றிய தங்கள் எண்ணை நீக்கச் சொல்வதற்கு, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா ஒரு பக்கம் வைத்திருக்கிறது, பலருக்கும் தெரியாத மூலையில். அதில் செய்ய வேண்டிய முதல் காரியம், நம்பரைக் கொடுப்பது. மறுபடி யாரும் ஏற்றாமல் தடுக்க, அந்த நம்பரின் ஒரு பிரதியை அவர்களே வைத்துக்கொள்வார்களாம்.