இடுக்கணும் நன்றியறிவும்

துன்பம் வந்துற்ற காலத்திலும் ஒருவன் நன்றியுடையவனாயும் நன்னம்பிக்கையுடையவனாயும் இருத்தல் வேண்டுமென்று பலருங் கூறுவர். அந்நன்றி யாருக்கு உரியது, அந்நம்பிக்கை எதனைப் பற்றி நிற்பது என்று ஆராய்வார் சிலரே. மாணாக்கருக்கு நல்லொழுக்கம் புகட்டுங் கடமை பூண்ட ஆசிரியர்கள் இதனை ஆராயாது விடுதல் தகாது. பசித்திருக்கும் பிள்ளையை நோக்கி, கிடைத்தது போதுமென்று நன்றியுடன் இரு என அறிவுறுத்துவது அறமா, கொடுமையா என்னும் வினா நம் வகுப்பறைகளிலேயே எழுகின்றதன்றோ?

இலங்கையிலே 2022 ஆம் ஆண்டு நிகழ்ந்தவற்றை நினைவுகூர்வோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே கடதாசி இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியிலே மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையும் நீண்டது. ஏப்பிரல் 12 ஆந் திகதி, பிறநாட்டுக் கடன்களை இறுத்தலை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவின் விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்கு ஏறக்குறைய 95 வீதம் உயர்ந்திருந்தது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவருள் ஆசிரியரும் பலர்.

அக்காலத்திலே இருவகைப் பேச்சுக்கள் எங்குங் கேட்கப்பட்டன. இனி இந்நாட்டிலே யாதும் இல்லையென்பது ஒன்று. எல்லாம் வினைப்பயன், ஆதலாற் பொறுத்திருத்தலே தக்கது என்பது மற்றொன்று. முன்னையது சோர்வென்பதை யாவரும் அறிவர். பின்னையது பத்தியின் கோலம் பூண்டு வருதலின், அதனையே நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். 2019 ஆம் ஆண்டின் இறுதியிலே வரிகள் பெரிதுங் குறைக்கப்பட்டன. 2021 ஆம் ஆண்டிலே இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டு, நெல் விளைவு குன்றிற்று. இவை மாந்தர் அறிந்து செய்த செயல்கள். துன்புறுவோன் தன் வினையை நுகர்கின்றான் என்று கொள்ளினும், துன்பஞ் செய்தோன் அதனால் விடுதலை பெறான். அவனுந் தன் செயலால் வினை ஈட்டுகின்றான். ஆதலால் வினைக்கொள்கையைக் காட்டிப் பிழை செய்தோரை மறைத்தல் அக்கொள்கைக்கே மாறாகும்.

அங்ஙனமாயின் நன்றி எங்ஙனம் பொருந்தும் எனின், திருவள்ளுவர் அதிகாரங்களை வைத்த முறையே வழி காட்டும். செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். அதனை அடுத்து நிற்பது நடுவுநிலைமை. உதவி செய்தாரை நினைக்குங்கால் நடுவுநிலைமை சிதைதல் கூடுமாதலின், அவ்விடத்தும் அது சிதையலாகாதென்று அறிவித்தற்கே இவ்வாறு வைக்கப்பட்டதெனப் பரிமேலழகர் கருதினார். எனவே, நன்றியுணர்வு நீதியின் வாயை அடைப்பதன்று. 2022 ஆம் ஆண்டு மே மாதத்திலே தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் வந்தன. அதற்கு நன்றி கூறுதலும், அவ்வுதவி வேண்டப்படும் நிலைக்கு நாடு வந்ததேன் என்று வினவுதலும் ஒருவனிடத்தே ஒருங்கு நிற்றல் கூடும்.

இனி நம்பிக்கையைக் கருதுவோம். இடுக்கணழியாமை அறுபத்துமூன்றாம் அதிகாரம். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்னும் மூன்றன் பின்னரே அது வருகின்றது. ஒரு காரியத்தைத் தொடங்கி முயல்வானுக்கு இடையூறு வந்தவழி அவன் மனங்கலங்காமையே அங்குப் பேசப்படுவது. முயற்சியற்றவன், எல்லாம் நன்றாகும் என்று இருப்பது அதன்பாற் படாது. நாளை நல்லதாகும் என்பதற்கு நம்மிடத்தே உறுதி இல்லை. இன்று செய்தற்குரியது ஒன்று உண்டென்பது மாத்திரம் உறுதி. நன்னம்பிக்கை அதனைப் பற்றியே நிற்கும்.

இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடியமைக்கு யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. 1877 ஆம் ஆண்டிலே பஞ்சம் வருத்தியபொழுது ஆறுமுக நாவலரவர்கள் கஞ்சித்தொட்டி அமைத்து வறியோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார்கள். அதிகாரிகளின் குறைகளை வெளிப்பட எடுத்துரைக்கவும் அவர்கள் பின்வாங்கவில்லை. பசித்தோருக்கு அவர்கள் முதலிற் கொடுத்தது கஞ்சி. பொறுமையைப் பற்றிய உபதேசம் அன்று.

ஆசிரியர்களே, இதனால் நமக்கு ஒரு நியதி பெறப்படுகின்றது. நன்றியென்பது ஒருவன் தன் கணக்கை நோக்கித் தானே கண்டுகொள்ளுங் கடன். பிறனிடத்தே கேட்டு வாங்கத்தக்க வரியன்று. மின்சாரம் இல்லாத இரவிலே விளக்கொளியிற் பாடம் ஆயத்தஞ் செய்த ஆசிரியர், தம் தோட்டத்து மரவள்ளிக்கிழங்கை அயல்வீட்டாரோடு பகிர்ந்த தாய், விலையேறிய எண்ணெயோடு வயலுழுத கமக்காரர் ஆகிய இவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அக்கடனை நாம் உணர்ந்து ஒழுகுதலைப் பிள்ளைகள் காணட்டும். உண்ணாது வந்த பிள்ளை வகுப்பிலே இருப்பின், அன்றைக்கு நன்றியறிதலைப் பற்றிய பாடத்தைச் சற்றே ஒத்திவைத்து, அப்பிள்ளைக்கு உணவு தேடுவோமாக. உண்டபின் அப்பாடத்தை அது நம்மினும் நன்றாய் விளங்கிக்கொள்ளும்.